தெரியவில்லை

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
வெள்ளி இரவு. காரை வெளியே மழையில் நிறுத்திவிட்டுக்
கராஜில் நான்கு பேர். ஒரு மடக்கு மேசை,
ஒரு தட்டு சில்லி பைட்ஸ், மூலையில் உறுமும் ஃப்ரீசர்.
எனக்கும் அவர்களுக்கும் நடுவே
மூன்றாக மடித்த ஓட்ஸ் அட்டைப்பெட்டி.
அதுதான் திரை. அதற்கு இந்தப் பக்கம்
உப்புச் சுரங்கமும் அதன் கதவுகளும் என்னுடையவை.

தேசிகனின் திருடன் கதவில் காதை வைக்கிறான்.
"பொறி ஏதும் இருக்கா?"

முன்பெல்லாம் அவனையே உருட்டச் சொல்வேன்.
இருபது முகப் பகடையில் மூன்று விழும்.
திருடனுக்கு இன்று காது மந்தம் என்று
மேசைக்கே தெரிந்துவிடும்.
நான் "ஒன்றும் இல்லை" என்பேன்.
உடனே பிரெலீனின் வைத்தியச்சிக்கு
அந்தக் கதவின்மேல் திடீர்க் காதல்.
அதுவரை தூங்கிக்கொண்டிருந்த லுங்கேலோவின் வில்லாளி
"நானும் ஒருதரம் பார்த்துவிடுகிறேன்" என்று எழுவான்.
பதினெட்டு விழுந்தாலோ
என் சொல் அப்படியே வேதம்.
பகடையைப் பார்த்தார்கள். கதவை யாரும் பார்க்கவில்லை.

அதனால்தான் இப்போது நானே உருட்டுகிறேன்,
அட்டைக்குப் பின்னால், முகம் அசையாமல்.
அந்த முகம் எனக்குப் புதிதில்லை.
பகலில் நான் எக்ஸ்ரே அறையில் நிற்பவள்.
சட்டையை மாட்டிக்கொண்டே கேட்பார்கள்:
"ஏதாவது இருக்கா, சிஸ்டர்?"
டாக்டர் சொல்வார் என்பேன்.
நான் சிஸ்டரும் இல்லை.

விளையாட்டு ஓடுவது இங்கிலீஷில்தான்.
இந்த ஒரு பதிலுக்கு மட்டும்
வீட்டில் மிச்சமிருந்த தமிழைத் துழாவி எடுத்தேன்:
தெரியவில்லை.
கண்ணில் படவில்லை என்றாலும் அதுதான்,
அறிவுக்கு எட்டவில்லை என்றாலும் அதுதான்.
இருக்கிறதா, இல்லையா என்பதைப் பற்றி
அந்தச் சொல் வாயே திறப்பதில்லை.
லுங்கேலோ ஒரே வாரத்தில் பழகிக்கொண்டான்.
கிடங்கில் மேனேஜர் கணக்குக் கேட்டால்கூட
"தெரியலே" என்கிறானாம்.
அவர் அதை ஜுலு என்று நினைத்து
புரிந்தவர்போலத் தலையாட்டுகிறாராம்.

இன்றைக்கும் உருட்டினேன்.
பகடை அட்டையில் மோதித் துள்ளியது.
அதே கணம் லோட்ஷெடிங்.
ஃப்ரீசர் மூச்சை நிறுத்தியது.
சிமெண்ட் தரையில் டக், டக், டக்கென்று
எங்கோ போய்
அந்தச் சத்தமும் நின்றது.

மழை. தகரக் கூரை.
"என்ன?" என்கிறான் தேசிகன், இருட்டிலிருந்து.
போனை எடுத்து வெளிச்சம் அடிக்கலாம்.
கை பைக்குள் போய் வெறுமனே திரும்பியது.
"தெரியவில்லை" என்றேன்.

இத்தனை மாதமாய் நடிப்பாகச் சொன்னது.
குரலில் என்ன மாறியதோ,
நானும் பார்க்கிறேன் என்று யாரும் எழவில்லை.
தட்டில் கை போகும் சத்தம்கூட இல்லை.
பிறகு தேசிகன்
கதவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினான்.
மரமா, இரும்பா?
கீழ் இடுக்கில் காற்று வருகிறதா?
பிடி ஈரமா?
யோசித்து யோசித்துச் சொன்னேன்:
பழைய மரம். காற்று வருகிறது, உப்பு கரிக்கிறது.
பிடி வெதுவெதுப்பாக இருக்கிறது,
யாரோ இப்போதுதான் விட்டுப்போனது போல.
கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று
எனக்கே

"திறக்கிறேன்" என்றான்.

திருடனுக்கு இப்போது ஒன்பது விரல்.
தேசிகன் சண்டை பிடிக்கவில்லை.
மெழுகுவர்த்தியில் அதைத் தாளில் குறித்துக்கொண்டான்,
எந்த விரல் என்று கேட்டு.

இரண்டரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது.
எல்லோரும் போன பிறகு குனிந்து பார்த்தேன்.
ஃப்ரீசரின் காலில் சாய்ந்து,
மூன்றுக்கும் பதினேழுக்கும் நடுவிலுள்ள விளிம்பு மேலே இருக்க,
நின்றுகொண்டிருந்தது பகடை.
சாய்ந்தால் செல்லாது, மறுபடி உருட்டு:
நான் போட்ட விதிதான்.

அதைத் தொடாமல்
சுற்றிப் பெருக்கிவிட்டு
விளக்கை அணைத்தேன்.